பஸ் ஏறாதவர்களை எண்ணாமல் விட்ட இரண்டு ஆண்டுகள்

2022 டிசம்பர் 23ஆம் தேதி பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அன்று நான் சென்னையில் விடுதி அறையில் கோர்ஸ் ஒர்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் இருக்கும் சித்தி போன் செய்து, "ரயிலெல்லாம் இங்கயே நின்னுருதுடி, ஸ்டேஷன் வாசல்ல ஊரே பெட்டி படுக்கையோட நிக்குது" என்றார். "அப்படியா சித்தி" என்று சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்தைத் திறந்தேன். நான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்த பொருள் என்ன தெரியுமா? ராமநாதபுரம் கடலோர நகரங்களில் இடரைத் தாங்கக்கூடிய, எல்லோருக்கும் நியாயமான போக்குவரத்து. என் ஆய்வே சித்தி வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது உறைக்க எட்டு மாதம் ஆனது.

போன மாதம்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். மொத்தம் நான்கு ஆண்டு. அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டும், என் கைப்பணம் 1,57,000 ரூபாயும், தவறான கேள்வியைக் கேட்டதிலும் தவறான மாதத்தில் கேட்டதிலும் போயின. என் துறையில் இந்தக் கரையில் வேலை செய்த ஒருவரையும் எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. இனி வருகிற பிள்ளைகளுக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ராமநாதபுரம் டவுனில் பிறந்தவள். கடல் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், ஆனாலும் கடலோரத்து நாள்கணக்கு எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டதுதான் முதல் பிழை.

ரயில் நின்றதிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் கொஞ்ச நாளைக்கு என்றார்கள். பிறகு புதுப் பாலம் திறக்கும்வரை என்றானது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தது. ஆக, இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு மேல் ராமேஸ்வரம் தீவுக்கு ஒரே வழி, 1988 அக்டோபர் 2இல் திறந்த சாலைப் பாலம் மட்டும். போக்குவரத்து ஆராய்கிறவளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வராது. இரண்டு வழி இருந்த ஊரில் ஒரு வழி அடைபட்டால் யார் எப்படிச் சமாளிக்கிறார்கள், யார் போகாமலே இருந்துவிடுகிறார்கள் என்று நேரில் பார்க்கலாம். ஆனால் அதற்கு, அடைபடுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. தாங்குதிறனை அளக்க எங்கள் துறையில் ஒரு படம் வரைவோம். 2003இல் புரூனோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நிலநடுக்கத்துக்காக முன்வைத்தது. ஓர் அமைப்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, இடர் வந்ததும் கோடு செங்குத்தாக விழுகிறது, பிறகு மெல்ல ஏறிப் பழைய உயரத்தைத் தொடுகிறது. நடுவில் உண்டாகிற முக்கோணப் பள்ளம்தான் இழப்பு. என் கையில் பள்ளத்தின் அடி இருந்தது. விழுந்த உயரம் இல்லை.

2023 ஆகஸ்டில் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "ரயில் இருந்தப்போ எத்தனை பேர், எந்த நேரத்துக்குப் போனாங்க?" வாயடைத்து நின்றேன். அன்று இரவு விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதேன். 2022 அக்டோபரில் ஒரு பத்து நாள் ஊருக்கு வந்து, பாம்பன் ஸ்டேஷனிலும் ராமேஸ்வரம் ஸ்டேஷனிலும் பாசஞ்சர் ரயிலில் ஏறி இறங்குகிறவர்களை எண்ணி, ஐம்பது பேரிடம் பேசியிருந்தால் போதும். மிஞ்சிப்போனால் ஐயாயிரம் ரூபாய் செலவாகியிருக்கும். அதைச் செய்யாததால் ஓர் அத்தியாயத்தையே பிறகு மாற்றி எழுத வேண்டியிருந்தது. "ரயில் இருந்தப்போ மாசத்துக்கு எத்தன தடவ மதுரைக்குப் போவீக?" என்று கேட்டால், பாவம், அவர்கள் யோசித்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். நினைவிலிருந்து வருகிற எண்ணில் ஆசையும் வருத்தமும் கலந்திருக்கும். அதனால் என் முதல் வேண்டுகோள்: பதிவு செய்த முதல் மாதமே, தலைப்பு முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்குப் போய் சாதாரண நாளை எண்ணி வையுங்கள். எந்த நிறுத்தம், எந்த மணி, எத்தனை பேர், கையில் என்ன சுமை. ஒரு நோட்டு போதும். ஆய்வு நெறிக் குழு அனுமதி வருமுன் ஆட்களிடம் பேட்டி எடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் பொது இடத்தில் நின்று பெயர் கேட்காமல் தலை எண்ணுவதைப் பற்றி வழிகாட்டியிடம் முதல் வாரமே கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கக்கூடத் தோன்றாமல் இருந்தேன்.

அடுத்த பிழை ஒரு பச்சை வரைபடம். கோர்ஸ் ஒர்க் முடிந்ததும் மிகுந்த ஆர்வத்தோடு கணினியில் உட்கார்ந்தேன். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் சாலைகள், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஊர்கள், நானே குறித்த பஸ் நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் வருகிற மக்களைக் கூட்டினேன். தீவின் ஊர்களில் பலவும், பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அந்த ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக இருப்பவை. பஸ் பக்கத்தில் உள்ள இடத்துக்குப் பச்சை நிறம் என்று வைத்திருந்தேன், ஆகவே வரைபடம் பச்சைப்பசேல் என்று வந்தது. வருமானப் பங்கீட்டை அளக்கிற ஜினி எண்ணைப் பஸ் சேவைக்குப் போட்டுப் பார்க்கிற வழக்கம் எங்கள் துறையில் உண்டு. அதையும் போட்டேன். நியாயமான பங்கீடு என்று எண் சொன்னது. ஒரு மாநாட்டில் அதை வாசித்தேன், கை தட்டினார்கள். ஏழு மாதம் அந்த வரைபடத்தை நம்பினேன்.

பிறகு ஒரு விடியற்காலை, தங்கச்சிமடத்தில் நிறுத்தத்துக்கு எதிரே நின்றிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயது தாண்டியவர், காலடியில் அலுமினிய அன்னக்கூடை, மேலே ஈரச் சாக்கு. போனில் இருந்த வரைபடத்தைக் காட்டி, "இந்த ஊர்ல எல்லாருக்கும் பஸ் பக்கத்துலயே இருக்குக்கா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "பஸ்ஸு பக்கத்துலதான் இருக்கு தாயி. நிக்கணும்ல? நின்னாலும் கூடையோட ஏத்தணும்ல?" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்தது. ஏற்கனவே இரண்டு பேர் கூடைகளோடு இருந்தார்கள். இவரும் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். நல்ல நடத்துனர்கள் பின்பக்கம் கூடையை வைக்கச் சொல்லி ஏற்றிக்கொள்வதும் உண்டு என்று அவரே சொன்னார். "யாரு வருவாகன்னு தெரியாதுல்ல. மீனு காத்திருக்குமா?" என்றார்.

அந்த அக்கா என் தரவில் எங்கேயும் இல்லை. பஸ்ஸுக்குள் எண்ணினால் அவர் வரமாட்டார். நிறுத்தத்தில் எண்ணினாலும் வரமாட்டார், எதிர்ப்பக்கம் நிற்கிறார். பயணச்சீட்டுக் கணக்கில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011இல் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்டு அட்டவணை வெளியிட்டார்கள். அதுவும் 'பிற தொழிலாளர்' என்ற ஒரு பிரிவுக்கு மட்டும். விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் அதில் கிடையாது. தவிர, வேலைக்குப் போகிற பயணம் மட்டும்தான் அதில் உண்டு. மருந்து வாங்க, ரேஷனுக்கு, தாயைப் பார்க்க, சங்கக் கூட்டத்துக்கு என்று போவதெல்லாம் அந்தக் கணக்கில் பயணமே இல்லை.

அன்றிலிருந்து கேள்வித்தாளைத் தலைகீழாக்கினேன். "எங்கே போனீர்கள்" என்பதற்கு முன்னால், "கடைசியா எப்பப் போகணும்னு நெனச்சுப் போகாம விட்டீக?" என்று கேட்கத் தொடங்கினேன். முதலில் எல்லோரும் "அப்படி ஒண்ணுமில்ல" என்பார்கள். அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள், வீட்டைப் பாருங்கள், சும்மா இருங்கள். அப்புறம் வரும். மண்டபத்தில் ஒரு பெரியவர் இரண்டு நிமிடம் கழித்துச் சொன்னார், மதுரைக்குக் கண் காட்டப் போவதையே விட்டுவிட்டாராம். தீவுக்குள் இருக்கிற மகள் வீட்டிலிருந்து மருமகன் ரயிலில் வந்துதான் இவரை அழைத்துப் போவார். ரயில் நின்றதும் பஸ் மாறி மாறிப் போக மருமகனுக்கு ஒரு நாள் வேலை முழுசாகக் கெடும் என்று இவரே கேட்பதை நிறுத்திக்கொண்டார். "பார்வ கொஞ்சம் மங்கல்தான், பரவால்ல" என்றார். பரவாயில்லை என்ற அந்தச் சொல்லை அப்படியே நோட்டில் எழுதினேன். கேள்வியோடு இன்னும் நான்கைச் சேர்த்துக் கேட்பது என் வழக்கமானது: எங்கே போக நினைத்தீர்கள், ஏன் முடியவில்லை, போகாததால் என்ன ஆனது, உங்களுக்குப் பதில் வேறு யாராவது போனார்களா. கடைசிக் கேள்வியில்தான் வீட்டுப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போட்ட கதைகள் வெளிவந்தன.

கீழக்கரையில் வேறு மாதிரி. அங்கே நான் சந்தித்த லாத்தா (அக்கா) ஒருவர், ராமநாதபுரம் போக பஸ் நிறைய இருக்கிறது என்றே சொன்னார். சாயங்காலம் திரும்பும்போது உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டு நெரிசலில் வர வீட்டில் விடமாட்டார்கள், ஆட்டோவுக்கு ஆகிற காசுக்கு அந்தப் படிப்பு தேவையா என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் வகுப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். வரைபடத்தில் கீழக்கரையும் பச்சைதான். பஸ் இருக்கிறதா என்பது வேறு, அந்த ஆள் அதில் போக முடிகிறதா என்பது வேறு. இதைத்தான் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் இயலுமை என்கிறார். அந்தக் கருத்தை வகுப்பில் படித்துத் தேர்வில் மார்க்கும் வாங்கியிருந்தேன். அது இந்த லாத்தாவின் முன்னறையில்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது பணம் போன கதை. 2023இல் கல்லூரிக்குக் கோடை விடுமுறை வந்ததும் ஆய்வுக்கு வசதி என்று ஏப்ரல் கடைசியில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினேன். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், 22 நாள். 44,000. சாப்பாடு, பஸ், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 9,000. ஆக 53,000 ரூபாய். எல்லாம் முடிந்து பார்த்தால், கடற்கரை ஊர்களில் ஆண்கள் எல்லோரும் வீட்டில், பெண்கள் எங்கேயும் போகவில்லை, பயணமே குறைவு என்று வருகிறது. மண்டபம் சித்திதான் தலையில் அடித்துக்கொண்டார். "தடைக்காலத்துல போயி கேட்டா என்னடி கிடைக்கும்?" கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஊர்ப் பொருளாதாரமே அந்த இரண்டு மாதம் வேறு மாதிரி ஓடும். சாதாரண நாளை அளக்கிறேன் என்று நினைத்து அசாதாரண நாளை அளந்திருந்தேன். பிறகு அந்தத் தரவைத் தடைக்காலத்துப் பயணம் என்று தனியாகப் பயன்படுத்திக்கொண்டேன், முழுக்க வீண் இல்லை. ஆனாலும் செப்டம்பரில் மறுபடி எடுக்க 31,000 ஆனது. அப்பாவிடம் கேட்டு வாங்கினேன். பென்ஷன் பணம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மாதம் மட்டும் பார்த்தால் போதாது, கிழமையும் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் போய் மறுநாள் காலை கரை திரும்புவார்கள். கூடைக்கார அம்மாக்களின் பயணமும் ஐஸ் வண்டியும் ஆட்டோ சவாரியும் அந்தக் காலைகளில்தான். காற்று எச்சரிக்கை வந்து மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காவிட்டால் அந்த வாரமே மாறிவிடும். மீனவர்கள் கைதாகி வேலைநிறுத்தம் என்றால் மறுபடி மாறும். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமி கணக்கு. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் தீவுச் சாலை முழுக்க வெளியூர் வண்டி. அன்றைக்கு எடுத்த எண்ணிக்கையை ஊர்க்காரர் பயணம் என்று எழுதிவிடக் கூடாது. பாடப் புத்தகம் செவ்வாய், புதன், வியாழன் சாதாரண நாட்கள் என்று சொல்லும். அலுவலகம் போகிற ஊருக்கு அது சரி. இங்கே முதலில் கடற்கரைக்குப் போய் மீன் ஏலம் நடக்கிற நாட்களைக் கேட்டு, அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு கணக்கெடுப்புத் தேதியை முடிவு செய்யுங்கள். ஒரு டீக்கடையில் அரை மணி உட்கார்ந்தால் இதெல்லாம் கிடைக்கும். நான் 53,000 கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

பஸ் நேரத் தரவுக்காக ஏழு மாதம் அலைந்ததையும் சொல்ல வேண்டும். பெரிய நகரங்கள் சிலவற்றில் பஸ் கால அட்டவணையை ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவத்தில் கோப்பாகவே தருவார்கள், இறக்கிக்கொண்டு உடனே கணக்குப் போடலாம். என் கரைக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். "நாளைக்கு வாங்க" என்று ஒன்பது தடவை. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டேன். அங்கேயும் பிழை செய்தேன்: ஐந்து ஆண்டுக்கு, எல்லாத் தடங்களுக்கும், பயணிகள் எண்ணிக்கை, வசூல், எல்லாம் வேண்டும் என்று கேட்டேன். வணிக ரகசியம் என்று சொல்லி மறுத்தார்கள். நீங்கள் கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள். இந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, புறப்படும் நேரம் என்ன, இந்த மூன்று மாதத்தில் ரத்தான நடைகள் எத்தனை. வசூலைத் தொடாதீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எனக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் இரண்டு பக்கம் வந்தது. அதற்குள் நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்கு வெளியே மூன்று நாள் உட்கார்ந்து பஸ் வந்து போகிற நேரத்தை எழுதியிருந்தேன். உண்மையில் அந்த மூன்று நாள் நோட்டுதான் ஆய்வேட்டில் நிற்கிறது. முதலிலேயே அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அந்த நோட்டில்தான் ஒரு முக்கியமான விஷயம் கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக அரை மணி காத்திருப்பு என்று எளிதாகப் போட்டுவிடுவோம். ஆனால் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வந்துவிட்டு, அடுத்த 110 நிமிடம் ஒன்றும் வராவிட்டால்? சராசரி இடைவெளி அதே 60 நிமிடம்தான். ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருகிறவர் காத்திருப்பதோ சராசரியாக 51 நிமிடம், ஏனென்றால் நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து மாட்டிக்கொள்வார்கள். இதோடு இன்னொன்று சேரும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. இது மிகப் பெரிய உதவி, எத்தனையோ வீடுகளில் மாதம் மிச்சமாகிற காசை அவர்களே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் போகிற எல்லாப் பஸ்ஸும் டவுன் பஸ் இல்லை. கண் முன்னால் இரண்டு வெளியூர்ப் பஸ் போகும், ஏறினால் காசு. மூன்றாவதாக வருகிற டவுன் பஸ்ஸுக்காக நிற்பார்கள். அட்டவணையில் உள்ள எல்லாப் பஸ்ஸையும் கூட்டி எல்லோருக்கும் ஒரே காத்திருப்பு நேரம் போட்டால் அது காசு உள்ளவருடைய நேரம். ஆண், பெண், காசு கொடுக்க முடிந்தவர், முடியாதவர் என்று தனித்தனியாகக் கணக்கிட்டதும் என் பச்சை வரைபடம் நான்கு வரைபடமானது. ஒன்றில்தான் பச்சை இருந்தது.

2024 நவம்பர் 20ஆம் தேதி மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நான் தீவில் மாதம் 4,500 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தரைத்தளம். கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டியில் கையால் எழுதிய படிவங்கள். முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது நான் முதலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது ஓரளவு தெரிந்தது, ஜெல் பேனாவில் எழுதியது முழுக்கக் கரைந்திருந்தது. 118 படிவங்கள் போயின. ஒவ்வொன்றும் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து என்னிடம் பேசியது. படிவத்தை அன்றன்றைக்குப் போனில் படம் எடுங்கள், இரவே இரண்டு இடத்தில் ஏற்றுங்கள், ஒரு பிரதியை வேறு ஊரில் இருப்பவரிடம் வையுங்கள். ஜெல் பேனா வேண்டாம். இடர் பற்றி ஆராய வந்தவள் தரைத்தளத்தில் அட்டைப்பெட்டியில் தரவை வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அந்தப் படிவங்களுக்கு ஈடாக வேலையை நீட்டித்ததில் 13 மாத வாடகை கூடுதல், 58,500 ரூபாய்.

மறுநாள் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்தபோது நடந்தே சுற்றினேன். பஸ்கள் நெடுஞ்சாலையில் ஓட ஆரம்பித்துவிட்டன. கணக்குப்படி போக்குவரத்து மீண்டுவிட்டது. நெடுஞ்சாலைக்கு வந்து சேர வேண்டிய சந்துகளில் இன்னும் தண்ணீர் நின்றது. குந்துகால் பக்கத்திலும் உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகளிலும் ஒரு கர்ப்பிணியையோ சக்கர நாற்காலியையோ எப்படி வெளியே கொண்டுவருவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் 1964 நினைவுக்கு வந்தது. அந்த டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது, தனுஷ்கோடிக்குப் போன ரயில் கடலோடு போனது. பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள், இன்றும் பொறியியல் வகுப்புகளில் பெருமையாகச் சொல்கிற சாதனை. தனுஷ்கோடி ஊர் மட்டும் திரும்பவே இல்லை. எங்கள் முக்கோணப் படத்தில் அந்த 46 நாள் சின்னப் பள்ளமாக வந்து மூடிக்கொள்ளும். தனுஷ்கோடிக்காரர்களுக்குத் தனியாக ஒரு கோடு வரைந்தால் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். எல்லோரையும் சேர்த்து ஒரே கோடு வரைவதால் இது மறைகிறது. ஆய்வேட்டில் நான் கடைசியில் செய்தது இதுதான்: ஒவ்வொரு பிரிவினருக்கும் தனிக் கோடு. கூடைக்காரப் பெண்கள், கல்லூரி மாணவர்கள், முதியோர், இருசக்கர வண்டி உள்ள வீடுகள். ரயில் நின்றதும் வண்டி உள்ள வீடுகளின் கோடு அசையவே இல்லை. இதை முதல் ஆண்டே செய்திருக்கலாம், புதிதாக எந்தக் கணக்கும் தேவையில்லை.

கட்டுரை வெளியிடுவதில் 14,500 ரூபாய் ஏமாந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. பதற்றத்தில் கட்டிவிட்டேன். திருத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை, அதிலேயே புரிந்திருக்க வேண்டும். என் நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம். உங்களுடையது என்ன கேட்கிறது என்பதைச் சீனியர் சொன்னதை வைத்து நம்பாமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே விதிகளில் ஆறு ஆண்டு உச்சவரம்பும், பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு கேட்கும் வழியும், ஆய்வுக்காலத்தில் 240 நாள்வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. என்னோடு சேர்ந்த ஒருத்தி இது தெரியாமலே குழந்தை பிறந்ததும் படிப்பை விட்டுவிட்டாள்.

போன ஆண்டு புதுப் பாலம் திறந்த பிறகு, மறுபடி எண்ணினேன். இந்தத் தடவை முன்பு என்ற கணக்கு கையில் இருந்தது. முடிவுகளைத் தமிழில் நான்கு பக்கம் அச்சடித்து, தங்கச்சிமடத்தில் ஒரு மரத்தடியில் கூடை அக்காக்களோடு உட்கார்ந்து வாசித்தேன். அந்த முதல் அக்காவும் வந்திருந்தார். தனிக்கோடுகள் வரைந்த படத்தைக் கையில் வாங்கி, தன் கோடு எது என்று கேட்டார். காட்டினேன். "இது எப்ப ஏறும் தாயி?" என்றார். விடியற்காலை ஒரு டவுன் பஸ், பின்பக்கம் கூடை வைக்க இடம், ஏல நாட்களில் மட்டும் ஓடினாலும் போதும் என்று ஒரு மனு தயாரித்தோம். 43 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.

ஆய்வேடு முடிந்தாலும் மாதம் ஒரு ஏல நாள் விடியலில் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் நின்று எண்ணுவதை நிறுத்தவில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள் ஒரு பக்கம், எதிரே ஆட்டோவுக்கு நின்றவர்கள் மறுபக்கம். பத்து மாதம் சேர்ந்திருக்கிறது, பால்பாயிண்ட் பேனாவில்.